வெளுப்பு மாறாத துணி

"மேரி, ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன்."

"கேளுங்கக்கா. குடத்த இடுப்புல வச்சுக்கிட்டே கேப்பியளா, எறக்கி வச்சுட்டுக் கேப்பியளா?"

"ஒங்க ஆஸ்பத்திரியில இந்தப் பொம்பளை சமாச்சாரம்லாம் பாப்பாவளா?"

"பொம்பளை ஆஸ்பத்திரியில அதைப் பாக்காம ஆம்பளைக்குச் சவரமா பண்ணுவாவ? யாருக்குக்கா? மருமவளுக்கா?"

"ஆமா... அவளுக்குத்தான்."

"நானே கேக்கணும்னு இருந்தேன். அவ வந்து ரெண்டு பொங்கல் போயாச்சு, வயித்துல ஒண்ணையும் காணல. இந்தக் குழாயடியில யாரு துணியில என்ன கறைன்னு எனக்குத் தெரியாததா? ஒங்க மருமவ அலசுத தண்ணி பச்சத் தண்ணியால்லா போவுது! தூரம் தூரம்னு சொல்லி மூலையில உக்காருதா. சரி. நெசமாவே தூரந்தானான்னு என்னைக்காவது பாத்தியளா?"

பங்குனி மாதத்தில் தாராவிக் குழாயடியில் நடந்த பேச்சு இது. ஆனி பிறந்து, பம்பாய் மழை தகரக் கூரைகளை அடித்து நொறுக்கத் தொடங்கிய பிறகும் பார்வதியம்மாளின் காதை விட்டு அது போகவில்லை. லூர்து மேரி கெட்டவள் அல்ல. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயாவாக இருந்தாள். வாய்தான் கொஞ்சம் நீளம். பேசிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போட்டுவிட்டுப் போன சொல்தான் பார்வதியம்மாளின் நெஞ்சுக்குள் புளித்த மாவாகப் பொங்கிக்கொண்டே இருந்தது.

அன்றைக்குக் கேட்க வந்தது மருமகளைப் பற்றியே அல்ல. அது பார்வதியம்மாளுக்கு மட்டும் தெரியும்.

கேட்க வந்தது தன்னைப் பற்றி. இரண்டு வருஷமாக அவளுக்கு மாதத்தில் பாதி நாள் உதிரம் நிற்பதில்லை. கட்டி கட்டியாகப் போகும். அடிவயிற்றில் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்ததுபோல் இருக்கும். அவளுக்கு நாற்பத்தைந்து வயது. புருஷன் பூதத்தான் தோல் கிடங்கில் வேலை பார்த்து, இருமி இருமிப் போய்ச் சேர்ந்து ஆறேழு வருஷம் ஆயிற்று. தாலி இறங்கிய பொம்பளை இதைப் போய் யாரிடம் சொல்வாள்? வீட்டில் இருப்பது வயசுப் பையன். அவனிடமா? நின்று போகும் காலத்தில் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் போல என்று அவளே தன்னைத் தேற்றிக்கொண்டாள். அன்று குழாயடியில் எப்படியோ வாயைத் திறந்துவிட்டாள். 'மருமவளுக்கா' என்று மேரி கேட்டதும், ஓடுகிறவனுக்குச் சந்து கிடைத்ததுபோல் 'ஆமா' என்று அதற்குள் நுழைந்துகொண்டாள்.

நுழைந்த சந்து இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்று அவள் நினைக்கவில்லை.

வீடு என்பது ஒரே அறை. ஒரு மூலையில் முழங்கால் உயரச் சுவர் கட்டிய மோரி. குளிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அதில்தான். மறு மூலையில் அடுப்பு. நடுவில் கைமுறுக்குத் தொழில். அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து, உளுந்தை வறுத்துப் பொடித்துச் சேர்த்து, எள்ளும் பெருங்காயமும் வெண்ணெயும் போட்டுப் பிசைய வேண்டும். பிறகு வெள்ளை வேட்டியை விரித்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவை முறுக்கி முறுக்கிச் சுற்ற வேண்டும். மாதுங்காவில் சுப்ரமணியன் கடைக்குத் தகர டின்னில் போகும் அந்த முறுக்கு. கடைக்காரர் ஆசாரம் பார்ப்பவர். "மடியாப் பண்றேளோன்னோ?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். "அதெல்லாம் சரியா, பராபரா இருக்கும் சாமி" என்பாள் பார்வதியம்மாள்.

தூரமான பொம்பளை மாவைத் தொடக்கூடாது. எண்ணெய் பொங்கிவிடும், முறுக்கு சிவந்துவிடும் என்பார்கள். மருமகள் இசக்கி அந்த மூன்று நாளும் மோரிச் சுவருக்கு அருகில் சாக்கை விரித்துத் தனித் தட்டோடு உட்கார்ந்துவிடுவாள். பார்வதியம்மாள் உட்காருவதில்லை. மாதத்தில் பாதி நாள் மூலையில் உட்கார்ந்தால் அடுப்பு எப்படி எரியும்? 'எனக்கு நின்னு போச்சு' என்று ஒருநாள் பொதுவாகச் சொல்லிவிட்டாள். அன்று முதல் உதிரப்போக்கோடே மாவு பிசைந்தாள். எண்ணெய் பொங்கவும் இல்லை, முறுக்கு சிவக்கவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் முதல் முறுக்கை எண்ணெயில் விடும்போது பொங்குகிறதா என்று குனிந்து பார்ப்பாள். வெள்ளைச் சேலையை விட்டுவிட்டுக் கருஞ்சிவப்புச் சேலைக்கு மாறினாள். "எண்ணெய்க் கறைக்கு வெள்ளை தாங்குமா?" என்று கேட்டவர்களிடம் சொன்னாள். யாரும் மறுத்துப் பேசவில்லை.

பூதத்தானுடைய வேட்டிகள்தான் எல்லாவற்றுக்கும். முதலில் முறுக்குச் சுற்ற விரிப்பு. நைந்த பிறகு கிழித்துத் துணி. இசக்கி கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு வேட்டியைக் கிழித்து, "இந்தா, ஒனக்கு வச்சுக்கோ" என்று கொடுத்திருந்தாள் பார்வதியம்மாள். தன் பங்குக்குக் கிழித்தவையெல்லாம் கறுத்து, மட்கி, குப்பைக்குப் போய், இப்போது கடைசி வேட்டிக்கு வந்தாயிற்று. இசக்கியிடம் கொடுத்த துணியோ இன்னும் வெளுப்பு மாறாமல் கொடியில் மேல்துண்டுக்கு அடியில் காய்ந்துகொண்டிருக்கிறது.

மேரி சொன்ன பிறகுதான் அதை எடுத்துப் பார்த்தாள். ஓரத்தில் வெற்றிலைச் சாறு தெறித்ததுபோல் மங்கலாக ஒரு கறை. அவ்வளவுதான்.

'இவ ஏமாத்துதா' என்று அந்தக் கணமே தீர்மானித்துவிட்டாள். எதை ஏமாற்றுகிறாள் என்பதில்தான் ஒரு தெளிவும் இல்லை. ஒருநாள், அடுப்புச் சூட்டுக்குப் பயந்து பொய்யாகத் தூரம் சொல்கிறாள் என்று தோன்றும். மறுநாள், இவள் முழுப் பொம்பளையே அல்ல, மறைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றும். அதற்கும் மறுநாள், ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று தெருமுனையில் நின்று குடும்பக் கட்டுப்பாடு பற்றித் தமிழிலும் இந்தியிலும் மராட்டியிலும் கத்திவிட்டுப் போன பிறகு, இவள் பிள்ளை வராமலிருக்க லூப்பு வைத்துக்கொண்டாளோ என்று தோன்றியது. முன்பெல்லாம் மாதுங்காவுக்கு டின்னைத் தலையில் சுமந்துகொண்டு பார்வதியம்மாள்தான் போவாள். ரயில் பாலத்துப் படி ஏறும்போது மூச்சு வாங்கியதால் சில மாதங்களாக இசக்கியை அனுப்பி வந்தாள். டின்னைக் கொடுத்துவிட்டு வர இவ்வளவு நேரமா? எங்கே நிற்கிறாள்? யாரைப் பார்க்கிறாள்?

ஆனி இரண்டாம் தேதி காலை. மழை விடாமல் பெய்தது. மாவு ஈரம் இழுத்து நமத்துவிடும் என்று பார்வதியம்மாள் பரபரத்துக்கொண்டிருந்தாள்.

"யத்தே, நான் தூரம்" என்று சாக்கை எடுத்தாள் இசக்கி.

"மழை அன்னைக்குப் பாத்து வந்துட்டுதாக்கும்!"

"அது மழை பாத்தா வரும்?"

"வாயைப் பாரு. ஏட்டி, துணியக் காட்டு."

இசக்கி சாக்கை விரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். இருபது வயது. வள்ளியூர்ப் பக்கத்து வெயிலில் பதநீர் சுமந்த உடம்பு. இறுகலாக, ஒல்லியாக இருப்பாள். முகம் மட்டும் சட்டென்று சிவந்துவிட்டது.

"என்னத்தே கேக்கிய?"

"காதுல விழல? துணியக் காட்டுங்கேன். நானும் பொம்பளதான். மூணு நாளு மூலையில உக்காருதவளுக்குக் கொடியில ஒத்தத் துணி வெள்ளை வெளேர்னு காயுது. ஊர் சிரிக்குது."

"எனக்கு வயசுக்கு வந்ததுல இருந்தே இப்பிடித்தான். ஒரு நாளு கொஞ்சமா படும். மறுநா நின்னுரும். எங்க அம்மைக்கும் இப்பிடித்தான்."

"ஒங்கம்மைக்கு எப்பிடின்னு ஒங்கம்மை எங்கிட்ட பொண்ணு பாக்க வந்தன்னைக்குச் சொன்னாளா?"

"இதையெல்லாம் பொண்ணு பாக்க வந்த எடத்துலயா சொல்லுவாவ? பஜ்ஜியோட சேத்தா?"

பார்வதியம்மாளுக்குக் கோபத்தில் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பிடி பச்சரிசியை எடுத்து வாயில் போட்டு நறநறவென்று மென்றாள். கொஞ்ச நாளாக அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. ரேஷன் அரிசி கிடைப்பதே பாடாக இருந்த காலத்தில், தொழிலுக்கு வைத்த அரிசியைத் தின்கிறோமே என்று அவளுக்கே உறுத்தும். விட முடியவில்லை.

"லூப்பு கீப்பு வச்சிருக்கியா? உள்ளதச் சொல்லிரு."

"அது என்னன்னே எனக்குத் தெரியாதுத்தே."

"மாதுங்காவுக்குப் போனா ஏன் திரும்ப அம்புட்டு நேரம் ஆவுது?"

இசக்கி வாயைத் திறந்தாள். மாமியாரின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் சாக்கில் உட்கார்ந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த மௌனம் போதுமானதாக இருந்தது பார்வதியம்மாளுக்கு. அன்று சாயங்காலம் வடாலாப் பட்டறையிலிருந்து மகன் நம்பிராஜன் நனைந்துகொண்டு வந்து, கையில் கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"ஆடி பொறக்கப் போவுது. அவ அண்ணன் கணேசபாண்டியன் லீவு போட்டு ஊருக்குப் போறான். இவளையும் கூட்டிட்டுப் போவட்டும்."

"தலை ஆடி போன வருசமே கழிஞ்சாச்சேம்மா. இப்ப என்னத்துக்கு?"

"போவட்டும். பெறவு கூப்பிடணும்னு தோணுனா கூப்பிடுவோம்."

நம்பிராஜன் சோற்றில் இருந்த கையை எடுத்தான். மோரி மூலையில் இசக்கி தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அம்மா குரலை உயர்த்தினாள் என்று அவனுக்குப் புரிந்தது.

"க்யா ஹுவா? என்ன நடந்துச்சு?"

"அதெல்லாம் ஆம்பளைகிட்டச் சொல்லுத சமாச்சாரம் இல்ல."

"ஆம்பளைக்குச் சொல்லக்கூடாத சமாச்சாரத்துக்கு ஆம்பளை பொண்டாட்டிய அனுப்பணுமாக்கும். நல்லாருக்கு நியாயம்." அவன் தட்டைத் தள்ளினான். "பிள்ளை இல்லன்னுதானே? டாக்டர்கிட்டக் காட்டுவோம். மாதுங்காவுல நம்ம தமிழ் டாக்டரம்மா ஒருத்தி இருக்கா. பட்டறையில சொன்னானுவ. காட்டிட்டு அவ சொல்லுத மாதிரி கேப்போம். குறை இருக்குன்னு சொன்னா நீ சொல்லுததை நான் கேக்கேன்."

பார்வதியம்மாளுக்கு அது சரியாகப் பட்டது. டாக்டர் முன்னால் பொய் நிற்காது. கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டால் நாளைக்கு கணேசபாண்டியன் 'என் தங்கச்சிய ஏன் அனுப்புதிய' என்று கேட்க வாய் இருக்காது. இசக்கி தலைக்குக் குளித்த மறுநாளே மழை வெறித்த நேரம் பார்த்து இருவரும் கிளம்பினார்கள்.

ரயில் பாலத்துப் படியில் பாதியில் பார்வதியம்மாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது.

"யத்தே, என் தோளைப் பிடிச்சுக்கிடுங்க."

"ஒண்ணும் வேண்டாம். செருப்பு வழுக்குது."

டாக்டர் ஷ்யாமளாவின் டிஸ்பென்சரி, பூக்கடைகளைத் தாண்டி ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. வாசலில் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாள் இசக்கியைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அட, இன்னிக்கு உள்ளேயே வந்துட்டியாம்மா? டின்னைத் தூக்கிண்டு வந்து வந்து வாசல்லயே நின்னுட்டுப் போவியே!"

 பார்வதியம்மாள் மெதுவாக மருமகள் பக்கம் திரும்பினாள். இசக்கி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கதான் வந்து நின்னியா?"

"ஆமாத்தே."

"என்னத்துக்கு?"

"பெறவு சொல்லுதேன்."

'ஆக, இதுதான்' என்று பார்வதியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அகப்பட்டுக்கொண்டாள். உள்ளே போனதும் எல்லாம் வெளியே வந்துவிடும்.  அரிசியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஜெயித்தவளுக்கு வர வேண்டிய குளிர்ச்சி ஏனோ வரவில்லை.

டாக்டர் ஷ்யாமளா நரை ஓடிய முடியை இறுக்க முடிந்து, கைத்தறிச் சேலை கட்டியிருந்தாள். கேள்விகளை வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல் நிதானமாகக் கேட்டாள்.

"மாசம் தப்பறதாம்மா?"

"தப்பாது டாக்டரம்மா. அமாவாசைக்கு முன்ன பின்ன வந்துரும்."

"ஆரம்பத்துலேர்ந்தே கொஞ்சமாத்தானா? இல்லே, முன்னே நிறையப் போய் இப்போ கொறைஞ்சுதா?"

"மொதல்ல இருந்தே இப்பிடித்தான்."

"இருமல், சாயங்காலமானா காய்ச்சல், உடம்பு இளைக்கறது இதெல்லாம் உண்டா? கர்ப்பம் கலைஞ்சு உள்ளே சுத்தம் பண்ணினது?"

"எதுவும் இல்ல. எங்க மாமா மட்டும் இருமி இருமித்தான் செத்தாவ."

பார்வதியம்மாளால் பொறுக்க முடியவில்லை. "டாக்டரம்மா, இவ இதுக்கு முன்னால ஒங்ககிட்ட வந்திருக்காளா? லூப்பு கீப்பு..."

"என்கிட்டே இப்போதான் முதல் தடவை வரா." டாக்டர் சிரித்தாள். "லூப் வெச்சா உதிரம் ஜாஸ்தியாப் போகும், மாமி, கொறையாது. அது தாங்காமத்தான் பாதிப் பேர் வந்து எடுத்துடுங்கோன்னு நிக்கறா."

திரைக்குப் பின்னால் அழைத்துப் போய்ச் சோதித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"உங்க மருமகள் நன்னா இருக்கா. இது அவ உடம்போட வாகு. இவ அம்மாவுக்கும் அப்படித்தான்கறாளே."

"அப்போ மிச்ச ரத்தம் உள்ளயே தங்கிக் கெட்டுப் போயிருமே?"

"உள்ளே ஒண்ணும் தங்கலை. கர்ப்பப்பைக்குள்ளே மாசாமாசம் குழந்தைக்குன்னு ஒரு மெத்தை வளர்றது. குழந்தை வரலேன்னா அது உரிஞ்சு உதிரத்தோட வெளியே வந்துடறது. சில பேருக்கு அந்த மெத்தை மெல்லிசு, சில பேருக்குத் தடிமன். மெல்லிசா இருக்கறவாளும் பெத்துண்டுதான் இருக்கா. நிறையப் போயிண்டிருந்து திடீர்னு கொறைஞ்சா அது வேற விஷயம், அவசியம் பார்க்கணும். க்ஷயம் கர்ப்பப்பையிலே இருந்தாக்கூடக் கொறையும். எனக்கு அப்படித் தோணலை. உங்க வீட்டிலே இருமி இறந்தவா இருக்கறதாச் சொன்னா, அதனாலே மார்புக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துடுவோம். அப்புறம், உங்க பிள்ளையையும் ஒருநாள் வரச்சொல்லுங்கோ."

"அவனையா? அவனுக்கு என்ன? அவன் ஆம்பளை!"

"அதனாலேதான் சொல்றேன். குழந்தைன்னா ரெண்டு பேர் விஷயம் இல்லையா?"

பார்வதியம்மாளுக்குப் பிடி நழுவிக்கொண்டே போனது. இத்தனை மாதமாகக் கட்டிய வழக்கு, கால்மணி நேரத்தில் மழையில் நனைந்த முறுக்குபோல் நமத்துப்போனால் எப்படி?

"நீங்க படிச்சவிய. ஆனா நானும் பொம்பளைதான். ஒத்தத் துணி நனையாததெல்லாம் ஒரு தூரமா? பொம்பளைன்னா பத்து நாளைக்காவது போவ வேண்டாமா? ஒரு துணி வச்சா அடுப்புல ஒல கொதிக்கதுக்குள்ள நனைஞ்சிர வேண்டாமா? ஈரல் மாதிரி கட்டி விழ வேண்டாமா? எந்திரிச்சா கண்ணு இருட்ட வேண்டாமா? அதுல்லா தூரம்!"

 டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இது யாருக்கு, மாமி?"

"பொதுவாச் சொன்னேன். ஊர் பொம்பளையளுக்கு."

"ஊர்லே யாருக்கும் அப்படிப் போகக்கூடாது. போனா அது வியாதி." டாக்டர் எழுந்து அருகில் வந்தாள். "வாயிலே என்ன?"

"அரிசி. சும்மா மெல்லுதது."

"பச்சரிசியா? ரத்தம் கொறைஞ்சவாளுக்குத்தான் அந்த ஆசை வரும். எங்கே, கண்ணைக் காட்டுங்கோ." கட்டை விரலால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். "வெள்ளைக் காகிதமாட்டம் இருக்கே. உங்க உடம்பிலே ரத்தமே இல்லையே. எத்தனை நாளா..."

பார்வதியம்மாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு எப்பவோ நின்னு போச்சு. அரிசி ஊறப் போட்டது போட்டபடி கிடக்கு. ஏட்டி, வா."

 வரும் வழியெல்லாம் இசக்கி ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கேட்காமைதான் முள்ளாகக் குத்தியது. முன்பு தான் மருமகளைப் பார்த்துவந்ததுபோல, இப்போது மருமகள் தன்னைப் பார்க்கிறாள் என்று பார்வதியம்மாளுக்குத் தோன்றத் தொடங்கியது. குளித்துவிட்டு வந்தால் பார்க்கிறாள். உட்கார்ந்து எழுந்தால், உட்கார்ந்த இடத்தைப் பார்க்கிறாள். அரிசி டப்பாவைத் திறந்தால் பார்க்கிறாள். பரண் மேல் மண்ணெண்ணெய் டின்னுக்குப் பின்னால் தன் துணிகளை அடைத்து வைத்திருந்த பையை இரண்டு தரம் இடம் மாற்றி வைத்தாள்.

மகனிடம், "அந்த மாதுங்காக்காரிக்கு என்ன தெரியும்? ஒன்னையும் வரச்சொல்லுதா, கேட்டியா கதைய!" என்றாள்.

நம்பிராஜன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே, "போனா என்ன, போறேன்" என்றான்.  ஆனாலும் ஆடி முதல் தேதிக்கு கணேசபாண்டியன் வந்து தங்கையை அழைத்துப் போவது என்று சொல்லியனுப்பியதைப் பார்வதியம்மாள் மாற்றவில்லை; மகனிடம், 'ஒரு மாசம் அம்மைகூட இருந்துட்டு வரட்டும்' என்று சமாளித்தாள். மாற்றினால், தான் நினைத்ததெல்லாம் தப்பு என்று ஆகிவிடுமே. தப்பு என்று ஆனால், 'பெறவு ஏன் அப்பிடி நெனச்சே' என்று ஒருத்தி கேட்பாள். அந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்தாள்.

ஆடிக்கு முந்தின நாள். சுப்ரமணியன் கடைக்கு ஏதோ கல்யாணத்துக்கென்று பெரிய டின் முறுக்குப் போக வேண்டியிருந்தது. விடியும் முன்பே பார்வதியம்மாளுக்குப் போக்கு ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை போல் எந்தத் தடவையும் இல்லை. கடைசி வேட்டியையும் கிழித்தாயிற்று. இசக்கிக்கும் அன்றுதான் தூரம். சாக்கில் உட்கார்ந்து, ஊருக்குப் போகும் பெட்டியில் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

பார்வதியம்மாள் சுற்றிய முறுக்கைத் தோசைத் திருப்பியால் எடுத்து எண்ணெயில் விட்டாள். குமிழி எழுந்து அடங்கியது. இரண்டாவதை விட்டாள். எண்ணெய்ச் சட்டி ஒரு தடவை தூரப் போய் மறுபடி பக்கத்தில் வந்தது. காதுக்குள் மழைச் சத்தம். வெளியே மழை இல்லை.

"யத்தே!"

மோரிச் சுவரைத் தாண்டி இசக்கி வந்தது அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு கைகள் அக்குளுக்குள் நுழைந்து பின்னால் இழுத்தன. கொதிக்கும் சட்டியிலிருந்து தன் முகம் விலகுவது மட்டும் தெரிந்தது.

கண் விழித்தபோது சாக்கில் கிடந்தாள். இசக்கியின் சாக்கு. தலைக்கு இசக்கியின் பெட்டியிலிருந்து எடுத்த சேலை. ஸ்டவ் அணைந்திருந்தது. கருஞ்சிவப்புச் சேலை இடுப்புக்குக் கீழே இல்லை. வேறு சேலை சுற்றியிருந்தது. அடியில் மெத்தென்று, சுத்தமாக, வெளுப்பு மாறாத வேட்டித்துணி.

"நீ... தொட்டுட்டியே. மாவெல்லாம் இருக்கு" என்றாள் பார்வதியம்மாள். நாக்கு ஒட்டியது.

"நீங்க ரெண்டு வருசமா தொட்டுட்டுத்தான் இருக்கிய. எண்ணெய் ஒண்ணும் பொங்கல" என்றாள் இசக்கி. குரலில் குத்தல் இல்லை. வெல்லத் தண்ணீரை வாயருகில் கொண்டுவந்தாள். "குடிங்க."

"ஒனக்குத் தெரியுமா?"

"ஒரே ரூம்புத்தே. பரண் மேல பை இருக்கதும் தெரியும், மாமா வேட்டியெல்லாம் எங்க போச்சுன்னும் தெரியும். அரிசி கொறையுததும் தெரியும்."

"பெறவு ஏன் கேக்கல?"

"நீங்க நின்னு போச்சுன்னு சொன்ன பெறவு நான் என்னன்னு கேக்க? எந்தத் துணிய மறைக்கியன்னு கேட்டா வெளக்கமாத்த எடுத்திருப்பிய."

பார்வதியம்மாளுக்குச் சிரிக்க வந்தது. கண்ணில்தான் தண்ணீர் வந்தது. 

"அந்த டாக்டரம்மா வாசல்ல நின்னியே, எதுக்கு நின்ன?"

இசக்கி டம்ளரைக் கீழே வைத்தாள். "மொதல்ல எனக்காவத்தான் போனேன். பிள்ளை இல்லன்னு எனக்கும் பயம் இருக்காதா? உள்ள போவ வெக்கமா இருந்துச்சு. பெறவு ஒரு நாளு மாவு இடிக்கையில நீங்க மூச்சு வாங்கி நின்னியல்லா, அதுக்குப் பெறவு ஒங்களுக்காவப் போனேன். உள்ள போயி என்னன்னு சொல்லுவேன்? எங்க அத்தைக்கு இப்பிடி இருக்குன்னு நானாச் சொன்னா, நீங்க எங்கிட்டச் சொல்லாத ஒண்ணை நான் ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிருமே. அதான் நின்னு நின்னு வந்துட்டேன்."

 பரணில் பை இருந்த இடம் காலியாக இருந்ததைப் பார்வதியம்மாள் அப்போதுதான் பார்த்தாள். மோரிக்குள் வாளியில் நுரை; அதில் அவள் துணிகள் ஊறிக்கொண்டிருந்தன. பங்குனியில் குழாயடியில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஒரு சொல்லை நேராகச் சொல்லியிருந்தால் இந்தப் பிள்ளையிடம் துணியைக் காட்டு என்று கேட்டிருக்க வேண்டாம்.

வாசலில் செருப்புச் சத்தம். கதவுக்கு வெளியே கணேசபாண்டியன் குடையை உதறினான். "அத்தை, தங்கச்சி ரெடியாயிட்டாளா? நாளைக்கு வண்டிக்கு இப்பவே எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா..."

இசக்கி எழுந்தாள். தலைக்கு வைத்திருந்த சேலையை எடுத்துப் பெட்டியில் வைக்கலாமா என்று தயங்கி நின்றாள். மாமியார் சொல்லாமல் அதைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை.

"கணேசபாண்டி, நீ மட்டும் போயிட்டு வா மக்கா" என்று பார்வதியம்மாள் படுத்தபடியே குரல் கொடுத்தாள். "அவ வரல."

"என்ன அத்தை, திடீர்னு?"

 பார்வதியம்மாள் கையை நீட்டி இசக்கியின் முழங்கைக்கு மேல் பிடித்தாள். தூரமான கையும் தூரமான கையும்.  இரண்டு வருஷமாகத் தொண்டையில் நின்றது வெளியே வர அவ்வளவு நேரம் பிடித்தது.

"ஏட்டி இசக்கி... எனக்கு ரொம்பப் போவுதுடி. பயமா இருக்கு. என்னைய அந்த டாக்டரம்மாட்டக் கூட்டிட்டுப் போறியா?"